ஆக்சிலேட்டர் சொல்வதும் காற்று சொல்வதும்

செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயமும் வேப்பந்தட்டை பக்கத்து மக்காச்சோளமும் வயலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கு இன்றும் கைகொடுப்பது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிதான். ஓட்டுபவரின் காலடியில் ஒரு மூட்டை, பின்னால் இன்னும் இரண்டு. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த காலம்தொட்டு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்சாலைகளில் இந்த மொபெட் குடும்பம் சுமை இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் இல்லை. உள்ளே மாறிவிட்டது. இன்று ஷோரூமில் வாங்கும் எக்ஸ்.எல். 100-ல் கார்புரேட்டர் கிடையாது. 99.7 சிசி கொள்ளளவுள்ள அந்தச் சிறிய எஞ்சினுக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிப்பது ஒரு கணினி.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. மூலம் சாதாரணப் பயணிகளின் பைக்கில் நுழைந்த எரிபொருள் இன்ஜெக்‌ஷன், அதன்பின் பல ஆண்டுகள் விலை உயர்ந்த வண்டிகளின் அடையாளமாகவே இருந்தது. பி.எஸ்.-6 வந்ததும் மொபெட் வரை இறங்கிவிட்டது. ஏர் ஸ்க்ரூவைத் திருகி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு ‘டியூனிங்’ வைத்த பட்டறைகள் ஒரே ஆண்டில் வேறொரு உலகத்தைச் சந்தித்தன. அந்த உலகத்தின் மையத்தில் ஓர் எளிய கேள்வி இருக்கிறது: ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை இவ்வளவு முறுக்கினால், எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும்?

துளியில் ஐந்தில் ஒரு பங்கு

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. கலவையில் பெட்ரோல் கூடினால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள்: பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், கார்பன் மோனாக்சைடு பெருகும். குறைந்தால் ‘லீன்’: வண்டி இழுக்காது, எஞ்சின் கொதிக்கும், பாரம் ஏற்றி முழு வேகத்தில் போனால் பிஸ்டனே சேதமாகலாம்.

எக்ஸ்.எல். அளவுள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மே மாத வெயிலில், 40 டிகிரி வெப்பத்தில், அதன் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் உள்ளே வரும் காற்றின் எடை சுமார் 0.11 கிராம். அதற்கு ஈடான பெட்ரோல் 7 அல்லது 8 மில்லிகிராம். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் ஒரு துளியை ஐந்தாகப் பிரித்தால் கிடைக்கும் பங்குதான் அது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில், இந்த அளவை விநாடிக்கு 50 முறை தர வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் முழு நேரமே 20 மில்லி விநாடி.

இன்ஜெக்டர் என்பது மின்சாரம் பாய்ந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மிக நுண்ணிய வால்வு. டேங்கில் உள்ள மின் பம்ப் பெட்ரோலை நிலையான அழுத்தத்தில் அதன் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. அழுத்தம் மாறாததால், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அதுவே பெட்ரோலின் அளவு. ஐடிலிங்கில் சில மில்லி விநாடி, பாரம் கூடும்போது இன்னும் சில. ஆக, பெட்ரோலை அளப்பது எளிது. எத்தனை மில்லிகிராம் காற்று உள்ளே வந்தது என்று அறிவதுதான் கடினம். காற்றை நேரடியாகத் தராசில் நிறுக்க முடியாது. எனவே எஞ்சின் கணினி, அதாவது இ.சி.யு., மறைமுகமாகக் கணிக்கிறது. அப்படிக் கணிக்கும் வழிகளில் மிக எளியது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது.

ஆல்ஃபா-என்

ஆக்சிலேட்டரை முறுக்கினால் கேபிள் இழுத்து, காற்றுக் குழாயின் குறுக்கே நிற்கும் வட்டத் தகடு திரும்புகிறது. அந்தத் தகடுதான் த்ராட்டில். அதன் அச்சில் பொருத்தப்பட்டிருப்பதுதான் த்ராட்டில் பொசிஷன் சென்சார். பல வண்டிகளில் இது ரேடியோவின் வால்யூம் திருகு போன்ற ஒரு மின்தடைதான். 5 வோல்ட் கொடுத்தால், தகடு மூடியிருக்கும்போது அரை வோல்ட்டை ஒட்டியும், முழுதும் திறக்கும்போது நாலரை வோல்ட்டை ஒட்டியும் திருப்பித் தரும்.

இந்தக் கோணத்தையும் எஞ்சின் சுற்று வேகத்தையும் மட்டும் வைத்துப் பெட்ரோலைத் தீர்மானிக்கும் முறைக்கு ஆல்ஃபா-என் என்று பெயர். ஆல்ஃபா என்பது கோணம், என் என்பது சுற்று. இ.சி.யு.வின் நினைவகத்தில் ஓர் அட்டவணை இருக்கும். பட்டறை மொழியில் ‘மேப்’. ஒரு பக்கம் த்ராட்டில் சதவீதம், இன்னொரு பக்கம் சுற்று வேகம். 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிலையில் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்ற எண். த்ராட்டில் 12 சதவீதம், சுற்று 3,400 என்று இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்தால், சுற்றியுள்ள நான்கு எண்களின் விகிதச் சராசரியைக் கணினி எடுத்துக்கொள்ளும்.

அட்டவணையின் கட்டங்களைச் சம இடைவெளியில் அமைத்தால் வண்டி சரியாக ஓடாது. வட்டத் தகடு திரும்பும்போது அதன் ஓரத்தில் திறக்கும் இடைவெளி கோணத்துக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. ஐடிலிங்கில் தகடு மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று சதவீதம் கூடினாலே உள்ளே வரும் காற்று கணிசமாக மாறிவிடும். மறுமுனையில், 70-லிருந்து 100 சதவீதத்துக்கு முறுக்கினாலும் பெரிய வேறுபாடு இராது. சுற்று வேகமும் இதில் விளையாடுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் எஞ்சினுக்கு வேண்டிய காற்று குறைவு. கால்வாசி திறந்தாலே சிலிண்டர் ஏறக்குறைய நிரம்பிவிடும். அதே திறப்பில் 7,000 சுற்றுக்குப் போனால் எஞ்சின் மூச்சுத் திணறும். ஆகவே தேர்ந்த டியூனர் 0, 2, 4, 6, 10, 15 என்று கீழ்ப்பகுதியில் கட்டங்களை நெருக்கி வைப்பார். 50-க்கு மேல் அகலமாக விடுவார். ஊருக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி குலுங்கினால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதிக் கட்டங்களில் இருக்கும்.

நான்கு சோதனைகள்

த்ராட்டில் கோணம் சொல்வது ஓட்டுபவரின் விருப்பத்தை. உள்ளே உண்மையில் எவ்வளவு காற்று வந்தது என்பது வேறு செய்தி. இரண்டும் எங்கெங்கே விலகும் என்பதைக் காட்ட பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

முதலாவது வெயில். மார்கழி அதிகாலையில் 20 டிகிரி இருக்கும் காற்று, அக்னி நட்சத்திர மதியத்தில் 40 டிகிரிக்குப் போகும்போது அதன் அடர்த்தி 6 சதவீதம் குறைகிறது. தகடு அதே கோணத்தில்தான் இருக்கிறது. அதன் வழியே போகும் காற்றின் எடை குறைந்துவிட்டது. வெப்பச் சென்சாரின் திருத்தம் இல்லாவிட்டால், காலையில் சரியாக இருந்த கலவை மதியத்தில் ரிச் ஆகிவிடும்.

இரண்டாவது பச்சைமலை. பெரம்பலூர், திருச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலையின் மேட்டுப்பகுதிகள் 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளன. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 11 சதவீதம் குறைகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் மலையேறும்போது புகை தள்ளித் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றழுத்தம் அறியாத ஆல்ஃபா-என் அட்டவணையும் அதே தவறைத்தான் செய்யும்: அடிவாரத்தில் எழுதிய எண்ணை மலை உச்சியிலும் ஒப்பிக்கும்.

மூன்றாவது புழுதி. அரியலூரின் நிலத்தடியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அதை நம்பி அரசு சிமெண்ட் ஆலையும் பல தனியார் ஆலைகளும் இங்கே இயங்குகின்றன. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் தினமும் ஓடும் இருசக்கர வண்டியின் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடுகிறது. ஃபில்டர் அடைத்தால் த்ராட்டில் கோணம் மாறாது. காற்று மட்டும் குறையும். கோணத்தை மட்டும் நம்பும் கணினிக்கு இது தெரியவே தெரியாது. வழக்கமான பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

நான்காவது எத்தனால். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்கிறது. அண்மைக் காலத்தில் இந்திய எத்தனால் ஆலைகளின் முக்கிய மூலப்பொருளாகவும் மக்காச்சோளம் உயர்ந்திருக்கிறது. அந்த எத்தனால் 20 சதவீதம் கலந்த இ-20 பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். கணக்குப் போட்டால் இ-20-க்கான விகிதம் 14.7-லிருந்து ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. அதே காற்றுக்கு எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். கலப்பற்ற பெட்ரோலுக்கு எழுதிய அட்டவணை இ-20-ல் லீன் ஆகிவிடும். இ-0-க்கு வடிவமைத்து இ-10-க்கு ஏற்றபடி டியூன் செய்த இருசக்கர வண்டிகளில் இ-20 ஊற்றினால் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

ஒன்றுக்கொன்று சாட்சி

இந்தக் குறைகளைத் தீர்க்கப் பொறியாளர்கள் த்ராட்டில் சென்சாரைத் தூக்கி எறியவில்லை. அதற்குத் துணை சேர்த்தார்கள். 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்காகக் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக் அமைப்பு, காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தீர்மானித்தது. 1976-ல் வோல்வோ கார்களில் வந்த ஆக்சிஜன் சென்சார், எரிந்து வெளியேறும் புகையை முகர்ந்து ‘இது ரிச், இது லீன்’ என்று கணினிக்குத் திருப்பிச் சொன்னது. இன்றைய பி.எஸ்.-6 வண்டியில் இவை எல்லாம் சிறு வடிவில் இருக்கின்றன.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அழுத்தத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது காற்றை இழுக்கிறது. இழுக்கும்போது குழாயின் அழுத்தம் சடாரென்று விழுகிறது. அடுத்த கணமே வெளிக்காற்றின் அளவுக்கு ஏறிவிடுகிறது. சரியான கணத்தில் அளந்தால்தான் பயன். த்ராட்டில் அகலத் திறந்துவிட்டால் அழுத்த வேறுபாடே மங்கிவிடும். அதனால் பல பைக்குகளில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது: குறைந்த திறப்பில் அழுத்த அட்டவணை முன்னே நிற்கும், அகலத் திறந்தால் த்ராட்டில் அட்டவணை பொறுப்பேற்கும்.

இன்னொரு வேலையை த்ராட்டில் சென்சாரைப்போல வேறெதுவும் செய்ய முடியாது. ஓட்டுபவர் சட்டென்று முறுக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடுகிறது. பெட்ரோலின் ஒரு பகுதியோ குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதிக்கிறது. அந்தக் கணத்தில் கலவை லீன் ஆகி, வண்டி ஒரு நொடி தயங்கும். தகடு எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை வைத்து இ.சி.யு. முன்கூட்டியே கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தருகிறது. ‘பிக்கப்’ என்று நாம் பாராட்டுவதில் பெரும்பங்கு இந்தத் திருத்தம்தான். நேர்மாறாக, கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதும் விட்டு, சுற்று மட்டும் உயர்ந்திருந்தால் பல வண்டிகளில் இன்ஜெக்டர் அடியோடு நின்றுவிடும். பச்சைமலையிலிருந்து கியரிலேயே இறங்கும் பைக், அந்த நேரத்தில் ஒரு சொட்டும் குடிக்காமல் இருக்கக்கூடும். நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குவது செலவும் ஆபத்தும் சேர்ந்தது.

பந்தயக் களத்தில் ஆல்ஃபா-என் இன்றும் மதிப்போடு வாழ்கிறது. பந்தயக் கேம்ஷாஃப்ட் பொருத்திய எஞ்சினில், வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருப்பதால், குறைந்த சுற்றில் குழாய் அழுத்தம் நிலைகொள்ளாமல் தடுமாறும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ராட்டில் என்றால் இன்னும் மோசம். அங்கே கோணம்தான் நம்பகமான செய்தி. ஆனால் கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் பொறியியல் மாணவர்கள் அதன் எல்லையையும் கற்கிறார்கள். இவ்வகை மாணவர் போட்டிகளில் பெட்ரோல் எஞ்சினின் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குறுகிய துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதன்பின் த்ராட்டிலை எவ்வளவு திறந்தாலும் காற்று கூடாது. அட்டவணையின் மேற்கட்டங்களில் கோணத்துக்கேற்ப எண்ணை ஏற்றிக்கொண்டே போன அணியின் கார் கரும்புகை தள்ளும்.

பட்டறைக்கு வேண்டியது

நல்ல டியூனிங்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் த்ராட்டில் முழுதும் மூடிய நிலை, முழுதும் திறந்த நிலை இரண்டையும் சென்சாரில் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, சைலன்சரில் அகலவீச்சு ஆக்சிஜன் மானியைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சினை நிலையாக நிறுத்தி அளக்க வேண்டும். சீரான பயணத்துக்குக் கலப்பற்ற பெட்ரோலில் 14.7-ஐ ஒட்டி, முழுப் பாரத்துக்கு 13-ஐ ஒட்டி அல்லது சற்றுக் கீழே. நிலையான கட்டங்கள் முடிந்த பிறகே சட்டென்று முறுக்கும்போதான திருத்தத்தைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஒரு தவறை இன்னொரு தவறு மறைக்கும்.

ஊர்ப் பட்டறைக்கு அவ்வளவும் தேவைப்படாது. சாதாரண மல்டிமீட்டர் போதும், பாதிக் குழப்பம் தீரும். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், த்ராட்டில் சென்சாரின் சிக்னல் வயரில் வோல்ட்டைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்க வேண்டும். அரை வோல்ட்டிலிருந்து நாலரை வரை எண் தடங்கலின்றி ஏறினால் சென்சார் நலம். இடையில் ஓரிடத்தில் சரிந்தாலோ குதித்தாலோ அந்தத் தடம் தேய்ந்திருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நாள்தோறும் போகும் வண்டிகளில், எப்போதும் பயன்படும் அந்த ஒரு நிலையில்தான் தேய்மானம் முதலில் தெரியும். அந்த வேகத்தில் மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மைலேஜ் கூடும் என்று த்ராட்டில் சென்சாரை இடம் நகர்த்துவதும், வயரில் மின்தடை சேர்ப்பதும் கணினியிடம் பொய் சொல்வதாகும். ‘த்ராட்டில் மூடியிருக்கிறது’ என்ற செய்தி கிடைக்காவிட்டால் ஐடிலிங் கட்டுப்பாடும் இறக்கத்தில் பெட்ரோல் நிறுத்தமும் வேலை செய்யா. மிச்சம் பிடிக்கப் போய் நட்டம்தான் வரும். சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றினால் காற்றோட்டம் மாறும், அட்டவணை பொய்யாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை அனுமதிப்பதில்லை.

2023 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிகளுக்கும் கோளாறை வண்டியே கண்டுசொல்லும் ஓ.பி.டி.-2 விதிகளின் முதற்கட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது; அதைப் படிக்கும் ஸ்கேனரும் புரிந்துகொள்ளும் பயிற்சியும் சிறிய பட்டறைகளுக்கு எட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் நவீன தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. அங்கே பகலில் படிக்கும் மாணவர்களுக்குக் கிடைக்கும் கருவிகளை, இருபது முப்பது ஆண்டுகள் கார்புரேட்டரோடு உழைத்த மெக்கானிக்குகளும் மாலை வேளையில் தொட்டுப் பழக வழி செய்ய வேண்டும். எஞ்சினின் குணத்தைக் காதால் அறிந்த அந்த அனுபவத்தோடு அளவீடும் சேர்ந்தால் அதற்கு இணை இல்லை.

வண்டி வைத்திருப்பவர்களும் செய்ய வேண்டியது உண்டு. அரியலூர் சுண்ணாம்புச் சாலைகளில் ஓட்டுபவர்கள் கம்பெனி கையேட்டில் சொல்லியுள்ள கிலோமீட்டர் வரும்வரை காத்திராமல் ஏர் ஃபில்டரை முன்னதாகவே பாருங்கள். சர்வீஸில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பல்பைப் பிடுங்காமல், கோளாறு எண்ணைப் படிக்கத் தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்லுங்கள்.